ஐந்து ஊர்களில் ஒரு பகல்

இத்தாலி என்றதும் நம்மில் பலருக்கு ரோமாபுரியும், பீசாவின் சாய்ந்த கோபுரமும், வெனிஸ் நகரத்துத் தோணிகளும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் வடமேற்குக் கரையில், லிகூரியா எனும் பிரதேசத்தில், மலை நேராகக் கடலில் இறங்கும் இடத்தில் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்பன அவற்றின் பெயர்கள். ஐந்தையும் சேர்த்து 'சின்க்வே தெர்ரே' என்பார்கள். 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். 1997இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் இத்தாலிய அரசு இதைத் தேசிய பூங்காவாக்கியது.

இந்த ஊர்களுக்கு அருகேயுள்ள துறைமுக நகரம் லா ஸ்பெட்ஸியா. என் தம்பி குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். மே மாதக் கடைசியில் அவர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். தம்பிக்கும் மச்சிக்கும் வேலை நாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். "தாத்தா, வீட்டுக்குள் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள்? காலையில் போய் மஃரிபுக்கு முன் வந்துவிடலாம்" என்று தம்பிதான் டிக்கட் எடுத்துத் தந்தார்.

"தனியாகவா போனீர்கள்?" என்று ஊர் திரும்பியதும் கேட்காதவர் இல்லை. லா ஸ்பெட்ஸியாவிலிருந்து முதலாவது ஊருக்கு ரெயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. பிறகு ஒவ்வோர் ஊருக்கும் இடையில் சில நிமிடங்கள்தான். வெள்ளவத்தையில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்குவது போன்ற தூரம். ஒரு நாள் அட்டை வாங்கினால் அன்று முழுக்க எத்தனை தடவையும் ஏறி இறங்கலாம். காலையிலிருந்து மாலைவரை ரெயில்கள் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும்.

அந்த ரெயில் பாதை 1870களில் போடப்பட்டது. அதற்கு முன் இந்த ஊர்களுக்குக் கால்நடையாக மலையேறி வரவேண்டும், அல்லது தோணியில் வரவேண்டும். இப்போதும் ரெயில் பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே ஓடுகிறது. இருட்டு, திடீரென்று ஒரு கணம் நீலக் கடல், மீண்டும் இருட்டு. பக்கத்தில் இருந்த குழந்தை ஒவ்வொரு முறை கடல் தெரியும்போதும் கை தட்டியது.

கைவசம் நான்கு சொற்கள்

பயணம் என்றால் நம் பெண்களுக்கு முதலாவது கவலை சாப்பாடு. இத்தாலியில் அந்தக் கவலை நியாயமானதுதான். பன்றி இறைச்சியும் வைனும் அங்கே அன்றாடச் சமையலில் கலந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதை ஒதுக்கிவிடலாம். தெரியாமல் கலந்திருப்பதுதான் சிக்கல். பாண் வகைகள் சிலவற்றில் மாவோடு பன்றிக் கொழுப்பைச் சேர்த்துப் பிசைவார்கள். மீனை வைன் ஊற்றி வேகவைப்பதும் வழமை.

மச்சி ஒரு கடதாசித் துண்டில் நான்கு சொற்களை எழுதித் தந்தார். 'மயாலே' என்றால் பன்றி. 'ஸ்த்ருத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. 'வீனோ' என்பது வைன். 'ஸென்ஸா' என்றால் 'இல்லாமல்'. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு புன்னகையோடு கேட்டால் போதும். அன்று நான் கேட்ட இடங்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்குத் தம் சமையலைப் பற்றிப் பேசுவதில் நம்மைவிட ஆசை அதிகம்.

எது நமக்கு ஆகும் என்று கேட்டுக் கேட்டுப் போனதில் ஒரு விடயம் எனக்குப் புரிந்தது. நமக்குத் தாராளமாக ஆகக்கூடிய பண்டங்கள் அநேகமாக அந்தக் கரையின் ஏழை வீடுகளில் பிறந்தவை. கடலை மா, சிறு மீன், தோட்டத்து இலை, ஸைத்தூன் எண்ணெய். தினமும் இறைச்சி வாங்க வசதியில்லாத பெண்கள் கையில் இருந்ததை வைத்து ஆக்கியவை. அன்று முழுவதும் நான் அந்தப் பெண்களின் அடுப்படிகளையே தேடிப் போனதாகச் சொல்லலாம்.

எலுமிச்சையும் நெத்தலியும்

கூட்டம் வருமுன் தூரத்து ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பது தம்பியின் யோசனை. அதனால் நேரே ஐந்தாவது ஊரான மொன்தெரோஸ்ஸோவில் இறங்கினேன். ஐந்து ஊர்களிலும் நீண்ட மணற்கரை உள்ளது இதுவே. காலை எட்டு மணிக்குக் கரையில் ஆள் நடமாட்டம் குறைவு. கடைக்காரர் ஒருவர் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு பேக்கரியில் 'பொகாச்சா' வாங்கினேன். விரலால் குழி குழியாக அழுத்தி, ஸைத்தூன் எண்ணெயும் கல்லுப்பும் தூவிச் சுட்ட தட்டைப் பாண் அது. "ஸ்த்ருத்தோ?" என்று கேட்டதும் அந்தப் பெண் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக் காட்டித் தலையை ஆட்டினார். இளஞ்சூட்டில் அதைத் தின்றுகொண்டு நடந்தேன்.

இந்த ஊருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று எலுமிச்சை. நம் தேசிக்காயைவிடப் பெரியது, தோல் தடித்தது, வாசம் தூக்கலானது. வீட்டு மதில்களுக்கு மேலாகக் காய் தொங்குகிறது. இத்தாலியில் இதற்கு 'லிமோனே' என்று பெயர். அரபு மொழியின் 'லைமூன்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. மத்தியதரைக் கடல் நாடுகளில் எலுமிச்சைப் பயிர் பரவுவதற்கு அறபிகளே பெரிதும் காரணமானார்கள். சீனிக்கு 'சுக்கெரோ', குங்குமப்பூவுக்கு 'ஸாஃபெரானோ' என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது சுக்கரும் ஸஃபரானும் நம் காதில் விழாமல் இருக்குமா?

இரண்டாவது பெருமை நெத்தலி. ஆண்கள் இரவில் தோணியில் விளக்கேற்றி மீனைக் கவர்ந்து பிடித்து வருவார்கள். அதன் பின்னான வேலை பெண்களுடையது. தலையையும் குடலையும் விரலாலேயே கிள்ளி எடுத்து, ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று சாடியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நம் தென்பகுதியில் கொறக்காவும் உப்பும் இட்டு ஜாடி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு அதுவே வீட்டின் கையிருப்பு. ஒரு சிறு போத்தல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லின்மேல் கல்

மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸாவுக்கு மலையோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது. மூன்றரைக் கிலோமீற்றர் அளவு. ஆறுதலாக நடந்தால் இரண்டு மணி நேரம். ஆரம்பத்தில் ஏற்றம் கடுமை. செருப்போடு போகக் கூடாது. நல்ல பிடிப்புள்ள சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் அவசியம். நான் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். தனியாகப் போவதில் உள்ள வசதி அதுதான். நம்மால் யாரும் காத்திருப்பதில்லை, யாருக்காகவும் நாம் ஓடவேண்டியதில்லை.

இந்த மலையின் அதிசயம் கடலல்ல, சுவர்கள். செங்குத்தான மலையைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் ஒரு கற்சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பியிருக்கிறார்கள். சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. கல்லின்மேல் கல்லைப் பார்த்துப் பார்த்து அடுக்கியது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் தொடங்கிய வேலை என்கிறார்கள். ஐந்து ஊர்களின் சுவர்களையும் நீட்டினால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வரும். சாந்தின்றிக் கற்சுவர் கட்டும் கலையை, இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில், 2018இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுக் கலைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இந்தப் படிகளில் பெரும்பாலும் திராட்சைதான் வளர்ந்தது. அது வைனுக்குப் போனது. நமக்கு ஆகாத பொருள்தான். ஆனாலும் ஒரு கூடை மண்ணைக்கூடத் தலையில் சுமந்து ஏற்றி உருவாக்கிய நிலம் என்று பார்க்கும்போது அந்த உழைப்பின்மேல் மரியாதை வராமல் போகாது. லா ஸ்பெட்ஸியாவில் 1869இல் கடற்படைத் தளம் திறந்தபின் ஆண்கள் கூலி வேலைக்கு அங்கே போனார்கள். தோட்டத்தைப் பார்த்தவர்கள், கூடை சுமந்தவர்கள் வீட்டுப் பெண்கள்.

வழியில் ஒரு மூதாட்டி விழுந்த கற்களை எடுத்துச் சுவரின் ஓட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லை வைப்பார், எடுப்பார், திருப்பி மறுபடி வைப்பார். என்னைக் கண்டு "சலாம்போல" கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். எங்களுக்குள் பொதுவான மொழி எதுவும் இல்லை. அவர் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். நானும் என் முழங்காலைக் காட்டினேன்.

சேற்றுக்குள் போன ஊர்

பாதையின் கடைசி வளைவில் வெர்னாட்ஸா கீழே தெரிந்தது. சிறிய துறைமுகம், மஞ்சளும் சிவப்புமாக நெருங்கிய வீடுகள், பாறை முனையில் ஓர் உருண்டைக் கோபுரம்.

அந்தக் கோபுரம் கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டப்பட்டது. இந்தக் கரையில் கொள்ளையர் என்றால் பெரும்பாலும் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் கடலோடிகளையே நினைப்பார்கள். 'சரசென்கள்' என்று அவர்களைச் சொல்வார்கள். உண்மையும் உண்டு. இதே கரையிலுள்ள ரபல்லோ நகரை 1549இல் உஸ்மானியக் கடலோடி துர்குத் ரெய்ஸ் தாக்கினார். மறுபக்கமும் உண்டு. ஜெனோவா, பீசா நகரங்களின் கப்பல்கள் 1087இல் துனீசியாவின் மஹ்தியாவைத் தாக்கிச் சூறையாடின. ஒரே கடல். அதன் வழியே கோபுரம் கட்டவைத்த பயமும் வந்தது, எலுமிச்சையும் வந்தது. முந்தானை போட்ட ஒருத்தி அந்தக் கோபுரத்தின் நிழலில் இருந்து தண்ணீர் குடித்ததை அன்று யாரும் விசேடமாகப் பார்க்கவில்லை.

2011 ஒக்டோபர் 25ஆம் திகதி இந்த ஊரின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது. சில மணி நேரத்திற்குள் கொட்டிய பேய்மழையில் மலை சரிந்து வெர்னாட்ஸாவின் தெருவுக்குள் இறங்கியது. நான்கு மீற்றருக்கும் மேல் சேறும் கல்லும். மொன்தெரோஸ்ஸோவும் தப்பவில்லை. உயிர்களும் போயின. இன்று கடைகள் நிறைந்திருக்கும் தெருவில் முதல் மாடிவரை மண் நின்றது என்பதை நம்புவது கடினம். பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போக, மேலே சுவர்கள் கவனிப்பாரின்றி இடிந்து வந்தன. இடிந்த சுவர் மண்ணைப் பிடித்து வைக்காது. அழிவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வெள்ளத்தின் பிறகு தொண்டர்கள் வெளியூர்களிலிருந்து வந்து சுவர் கட்டப் பழகிப் போகிறார்கள். வழியில் கண்ட மூதாட்டி கல்லைத் திருப்பித் திருப்பி வைத்ததன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவர் காத்துக்கொண்டிருந்தது கீழேயுள்ள ஊரை.

பகலுணவு அங்கேதான். இந்தக் கரையின் புகழ்பெற்ற சம்பல் 'பெஸ்தோ'. சம்பல் என்றே சொல்கிறேன். சலவைக்கல் உரலில் 'பசிலிக்கோ' எனும் இலையோடு வெள்ளைப்பூண்டு, பைன் மரத்துக் கொட்டை, உப்பு, ஸைத்தூன் எண்ணெய், பாற்கட்டி சேர்த்து இடிப்பது. அந்த இலை நமக்குப் புதிதல்ல. ஃபலூதாவில் போடுகிறோமே கசகசா, அது இந்தச் செடி இனத்தின் விதைதான். நாம் விதையைக் குடிக்கிறோம், அவர்கள் இலையை உண்கிறார்கள்.

பெஸ்தோவில் சேரும் பார்மிஜானோ பாற்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால் உறைய வைக்கிறார்கள். இது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலுக்காக நான் தவிர்ப்பவள். பாற்கட்டி இல்லாமல் தர முடியுமா என்று கேட்டேன். இடித்தாகிவிட்டது என்று அந்த உணவகத்துப் பெண் கைகளை விரித்தார். பிறகு ஏதோ யோசித்து உள்ளே போனார். முறுக்கிய சிறு மாத்துண்டுகளை உருளைக்கிழங்கு, போஞ்சியோடு அவித்து, எண்ணெய் ஊற்றி, பச்சை இலையைக் கையால் கிழித்துத் தூவிக் கொண்டுவந்தார். பக்கத்தில் உப்பு நெத்தலியும் ஒரு பாதி எலுமிச்சையும். மாவோடு கிழங்கும் போஞ்சியும் சேர்ப்பது அங்கே பழைய முறை. கோப்பை நிரம்பவேண்டும், செலவு குறையவேண்டும். எந்த நாட்டுத் தாய்க்கும் தெரிந்த கணக்கு.

படியேறிய தொழுகை

கொர்னீலியா மட்டும் கடலைத் தொடாத ஊர். நூறு மீற்றர் உயரப் பாறையின் உச்சியில் இருக்கிறது. ரெயில் நிலையத்திலிருந்து ஏறச் சுமார் முந்நூற்றெண்பது படிகள். ஏற முடியாதவர்களுக்கு ஒரு சிறிய பஸ் உண்டு. காலையில் மலையேறிய முழங்காலுக்கு மதிப்புக் கொடுத்து நான் பஸ்ஸில் ஏறினேன்.

படியும் மலையும் காரணமாக இங்கே கூட்டம் குறைவு. ஊர்க் குழாயில் வுழூ செய்துகொண்டு, ஸைத்தூன் மரமொன்றின் கீழ் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதேன். கிப்லாவைக் காட்டக் கைத்தொலைபேசி இருக்கிறது. சலாம் கொடுத்துத் திரும்பியபோது, கீழே நெடுந்தூரம் கடல். பிறகு பசிலிக்கோ இலையில் செய்த பச்சை நிற ஐஸ்கிறீம் சாப்பிட்டேன். இதையும் 'ஸென்ஸா' கேட்டுத்தான் வாங்கினேன். முதல் கரண்டியில் வியப்பு, இரண்டாவதில் விருப்பம்.

பயணிகள் கூட்டம்

பிற்பகலில் மனரோலாவுக்கும் ரியோமஜ்ஜோரேக்கும் போனபோது கூட்டம் பெருகிவிட்டது. வருடந்தோறும் இலட்சக்கணக்கானோர் வந்து போகும் இந்த ஊர்களில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஒரு காலத்தில் வலை உலர்த்திய முற்றங்களில் இப்போது மேசைகள். வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன.

இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் பாறையோரப் பாதை, ஒரு கிலோமீற்றருக்கும் குறைவானது, மிகவும் பேர்போனது. 2012இல் கல் சரிந்து நான்கு பயணிகள் காயப்பட்டதும் மூடப்பட்டது. திருத்த வேலைகள் முடிந்து, பன்னிரண்டு வருடங்களின் பின் 2024இல்தான் முழுதாகத் திறந்தார்கள். தனி டிக்கட், குறித்த நேரம் என்று கட்டுப்பாடுகள் உண்டு. அந்தச் சிறு துண்டுப் பாதையை மீண்டும் திறக்கப் பன்னிரண்டு வருடம் என்றால், மலை முழுவதையும் வெறும் கையால் தாங்கி நிறுத்திய முன்னோரை என்னவென்பது! மனரோலாவின் மேலே இன்னும் சில குடும்பங்கள் தோட்டம் செய்கின்றன. அறுவடையை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள். தலைச்சுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சிந்திய தானியம்

மாலை லா ஸ்பெட்ஸியாவில் இறங்கியபோது மச்சி வேலை முடிந்து நிலையத்துக்கே வந்திருந்தார். பழைய கடையொன்றுக்குக் கூட்டிப் போனார். 'மெஷ்ஷூவா' எனும் சூப் வந்தது. கடலை, வெள்ளை அவரை, கோதுமை மூன்றையும் ஊறவைத்துத் தனித்தனியே அவித்து ஒன்றாக்கி, மேலே ஸைத்தூன் எண்ணெயும் மிளகுத் தூளும். வேறொன்றும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும்போது சிந்திய தானியத்தை ஏழைப் பெண்கள் பொறுக்கி வந்து ஆக்கியதில் பிறந்தது இது என்று அங்கே சொல்வார்கள். பொறுக்கியதில் இதுவும் அதுவும் கலந்திருக்கும், அதனால் 'கலவை' என்றே பெயர். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த எனக்கு அந்தக் கோப்பையில் அந்நியம் எதுவும் தெரியவில்லை.

அதனோடு 'ஃபரினாத்தா'. வீட்டில் செய்து பார்க்க விரும்பும் சகோதரிகளுக்காக அதன் முறையைக் கேட்டு வந்தேன்.

கடலை மா 300 கிராம், தண்ணீர் 900 மில்லிலீற்றர், உப்பு இரண்டு தேக்கரண்டி. மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, நான்கைந்து மணி நேரம் மூடி வைக்கவும். மேலே நுரை கட்டும். அதை வழித்து எறிந்துவிட்டு உப்பைச் சேர்க்கவும். அகன்ற தட்டில் அரைக் கோப்பை ஸைத்தூன் எண்ணெய் ஊற்றி, மாக்கரைசலை அரை சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றிக் கலக்கவும். தட்டுச் சிறிதென்றால் இரண்டு தடவையாகச் செய்யலாம். அவனை உச்சச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மேல்பக்கம் பொன்னிறமாகும்வரை சுடவும். அரை மணி நேரம் வரை எடுக்கலாம். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மிருதுவாகவும் இருக்கவேண்டும். மிளகுத் தூள் தூவிச் சூட்டோடு பரிமாறவும். அங்கே விறகடுப்பில் பெரிய செப்புத் தட்டில் சுடுகிறார்கள். வாசம் அதற்குத் தனி. ஆனால் வீட்டு அவனிலும் குறை சொல்ல முடியாதபடி வருகிறது.

அந்தக் கரைக்குப் போகும் வாய்ப்பு உங்களில் யாருக்கேனும் கிடைத்தால், கோடை நெரிசலைத் தவிர்த்து மே மாதத்திலோ செப்டெம்பர் கடைசியிலோ போங்கள். ஒரே நாளில் ஐந்து ஊரையும் பார்த்தே தீரவேண்டும் என்பதில்லை. இரண்டைப் பார்த்தாலும் நின்று பாருங்கள். படமெடுப்பதற்காகச் சுவர்மேல் ஏறாதீர்கள். அது ஒருவரின் பாட்டி அடுக்கிய கல். அங்குள்ளவர்கள் கடையில் சாப்பிடுங்கள், அவர்கள் தோட்டத்துப் பொருளை வாங்குங்கள். தோட்டத்தில் வருமானம் இருந்தால்தான் பிள்ளைகள் ஊரில் தங்குவார்கள். பிள்ளைகள் தங்கினால்தான் விழுந்த கல்லை எடுத்துவைக்க ஆளிருக்கும். அடுத்த பெருமழை வரும்போது அந்த ஊரைக் காக்கப் போவது அந்தக் கைகள்தான்.